சிறு பொருளில் ஒரு விளையாட்டுக் கணிப்பொறி

கணிப்பொறி விளையாட்டு இக்காலத்து இளைஞர் பலர்க்கு உவப்பானதொரு பொழுதுபோக்காகும். கடையில் ஆயத்தமாக விற்கும் பொறியை வாங்காது, உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கித் தம் கையாலேயே பூட்டிக்கொள்ள விழைவோரும் நம் மாணவரிடையே உளர். அவருள்ளும் ஒரு சாரார், உறுப்புகளை அவற்றிற்கு விதித்த வேகத்தினும் மிக்க வேகத்தில் ஓட்டினால் சிறு விலைக்குப் பெரும்பயன் கொள்ளலாம் என்று கருதுவர். இதனையே ஓவர்கிளாக்கிங் என்கின்றனர்.

கருத்து நன்றே. ஆயினும் அதன் பொருட்டுச் செலவாகும் பணம் எளிதில் வந்ததன்று. குளச்சற் கடலில் வலை வீசியும், மலையோரத்து ரப்பர்த் தோட்டங்களில் வைகறையிற் பால் வெட்டியும், சிறு கடை நடத்தியும் பெற்றோர் ஈட்டியதில் ஒரு பகுதியே மாணவன் கையில் வந்து சேர்கிறது. ஒருமுறை தவறாக வாங்கினால் மறுமுறை வாங்க வழியிராது. ஆதலின் எவ்வுறுப்பிற்கு எவ்வளவு செலவிடல் தகும், துடிப்பு மிகுத்தலுக்கு அதில் எத்துணை இடம் கொடுக்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் முறையே ஆராய்வோம்.

துடிப்பு என்பது யாது?

கணிப்பொறியின் தலையாய உறுப்பு செயலி. கடைத்தெருவில் இதனைப் பிராசஸர் என்பர். இது தன் பணிகளை ஒரு தாளத்திற்கு ஏற்பச் செய்கிறது. அத்தாளம், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் அமைந்த படிகமொன்றை முதலாகக் கொண்டு பிறப்பது. இன்றைய பொறிகளில் அடிப்படைத் துடிப்பு நொடிக்குப் பத்துக் கோடி, அஃதாவது 100 மெகாஹெர்ட்ஸ். செயலி இதனை ஒரு பெருக்கெண்ணாற் பெருக்கிக்கொள்ளும். பெருக்கெண் 44 ஆயின் வேகம் 4,400 மெகாஹெர்ட்ஸ், இதனை 4.4 கிகாஹெர்ட்ஸ் என்றும் கூறுவர். அடிப்படைத் துடிப்பையோ பெருக்கெண்ணையோ உயர்த்தினால் வேகமும் உயரும். ஓவர்கிளாக்கிங் என்பது இவ்வளவே. தமிழில் இதனைத் துடிப்பு மிகுத்தல் என்று ஈண்டு வழங்குவோம்.

விதித்த வேகத்திற்கு மேலும் ஓடும் ஆற்றல் செயலிக்கு எங்ஙனம் வந்தது என்று வினவலாம். ஒரே வயலில் விளைந்த நெல்லிலும் திரண்ட மணியும் மெலிந்த மணியும் கலந்திருத்தல் போல, ஒரே சிலிக்கன் தகட்டில் ஆக்கிய செயலிகளும் ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை. ஆக்குவோர் அவற்றைச் சோதித்து, ஐயமின்றித் தாங்கக்கூடிய வேகத்தை விதித்து விற்பர். மலிவான வகைக்குத் தேவை மிகும்போது, மேலும் தாங்கவல்லவற்றையும் குறைந்த வேகம் குறித்தே விற்பதுண்டு. இவ்வாறு எஞ்சி நிற்கும் ஆற்றலே துடிப்பு மிகுத்தலுக்கு மூலதனம்.

சிறுபொருளாளரின் துணை

இவ்வுண்மையை உலகறியச் செய்தது 1998 ஆகஸ்டு மாதத்தில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவான செயலி. அதன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல், பெருக்கெண் நாலரை, ஆகவே வேகம் 300. பெருக்கெண்ணை மாற்ற வழியில்லை. ஆயினும் தாய்ப்பலகையில் அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால், நாலரையாற் பெருகி வேகம் 450 ஆயிற்று. இத்தகைய செயலிகளுட் பல அவ்வேகத்தையும் தளராது தாங்கின. அதே மாதத்தில் அதே நிறுவனம் வெளியிட்ட பென்டியம் 2 வகையின் உயர்ந்த செயலியும் 450 மெகாஹெர்ட்ஸே; அதன் விலையோ பன்மடங்கு. மலிவுப் பொருளை வாங்கி ஒன்றரை மடங்கு வேகம் பெற்ற அக்காலத்தில், துடிப்பு மிகுத்தல் உண்மையிலேயே சிறுபொருளாளரின் துணையாக விளங்கிற்று. இன்றும் மாணவர் கேட்டு மயங்கும் புகழுரைகள் பல, அக்காலத்து அனுபவத்தினின்று வந்தவையே.

காலம் மாறியது

பின்னர் நிலைமை மாறலாயிற்று. 2011-இல் வெளிவந்த இன்டெல் செயலிகளில் அடிப்படைத் துடிப்பை உயர்த்தும் வழி பெரும்பாலும் அடைபட்டது. பெயரின் இறுதியில் கே என்னும் எழுத்துடைய விலை மிக்க செயலிகளிலேயே பெருக்கெண்ணை விரும்பியவாறு உயர்த்த இடமிருந்தது. அதற்கும் தனி வகைத் தாய்ப்பலகை வேண்டியிருந்தது.

2014-இல் அந்நிறுவனம் பென்டியம் ஜி3258 என்னும் மலிவான செயலியொன்றைப் பூட்டின்றி வெளியிட்டது. வேகத்தை நன்கு உயர்த்தலாம் என்று பலர் விரும்பி வாங்கினர். ஆயின் அதற்கு உள்ளகம் இரண்டே. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த ஃபார் க்ரை 4 முதலிய சில விளையாட்டுகள் இரண்டு உள்ளகம் மட்டும் உடைய செயலியில் தொடங்கவே மறுத்தன. உழவுக்கு நான்கு ஏர் வேண்டுமிடத்து இரண்டு ஏரை எத்துணை விரைவாக ஓட்டினும் ஒருவாறே பயன்படும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

2017-இல் ஏ.எம்.டி. நிறுவனம் ரைசன் என்னும் செயலிகளைப் பூட்டின்றி வெளியிட்டது. நடுத்தர விலையுள்ள தாய்ப்பலகைகளிலும் துடிப்பை மிகுக்க அது இடங்கொடுத்தது. ஆயினும் இத்தலைமுறைச் செயலிகளுக்கு ஒரு புதிய இயல்பு உண்டு. வெப்பமும் மின்னோட்டமும் இடங்கொடுக்குமாயின் அவை தாமாகவே வேகத்தை உயர்த்திக்கொள்ளும். 2022-இல் வந்த ரைசன் 5 5600 என்னும் செயலியின் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், தானே ஏறும் வேகம் 4.4. நாம் அரும்பாடுபட்டு அதனை 4.6 ஆக்கினும் பெறும் மிகுதி நூற்றுக்கு ஐந்திற்கும் குறைவே. 1998-இல் நூற்றுக்கு ஐம்பது, இன்று ஐந்து! எஞ்சிய ஆற்றலை ஆக்கியோரே முன்னர் எடுத்துக்கொண்டனர்.

அங்ஙனம் எல்லைவரை செலுத்துவதிலும் இடருண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைச் செயலிகள் சில நிலைகுலைந்து நின்றன. மின்னழுத்தம் மிகையாக உயர்ந்தமையே அதற்குக் காரணம் என்று 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. நாமாக மிகுத்துக் கெடுத்த செயலிக்கோ பொதுவாக உத்தரவாதம் செல்லாது என்பதை மறத்தல் கூடாது.

வெப்பக் கணக்கு

செயலி உண்ணும் மின்சாரம் வேகத்தோடு ஒத்தும், மின்னழுத்தத்தின் இருபடியோடு ஒத்தும் பெருகும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்த, அழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு உயர்த்த நேர்ந்தது என்று கொள்வோம். 1.1-ஐ மும்முறை பெருக்கினால் 1.331 வரும். வேகத்தில் வந்த ஊதியம் பத்தில் ஒன்று. வெப்பத்தில் வந்த சுமை மூன்றில் ஒன்று. மாறாக, வேகத்தை மாற்றாது அழுத்தத்தை மட்டும் நூற்றுக்கு ஐந்து குறைத்தால், மின்செலவு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து குறையும்.

இக்கணக்கு நாஞ்சில் நாட்டார்க்குச் சிறப்பாக உரியது. விசிறியும் உலோகத் தகடும் கொண்ட கூலர், செயலியை அறையின் வெப்பத்திற்குக் கீழே குளிர்விக்க மாட்டாது. 20 பாகை வெப்பமுள்ள அறையில் சோதித்துச் செயலி 70 பாகையில் நின்றது என்று ஒருவர் எழுதினால், சித்திரை மாதத்து நாகர்கோயிலில் 33 பாகையுள்ள அறையில் அதே பொறி 83 பாகையை எட்டும். 90 முதல் 100 பாகைக்குள் பெரும்பாலான செயலிகள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். மிகுத்த துடிப்பு, வெப்பத்தாலேயே மீண்டும் குறைந்தொழியும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் வேறு உண்டு. உலோகப் பகுதிகள் விரைவில் கறுத்துப்போம்.

உறுப்புகளின் தேர்வு

இனி உறுப்புகளைத் தேரும் வரிசையைக் காண்போம். பலர் செயலியினின்று தொடங்குவர். திரையினின்று தொடங்குதலே முறை. 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள. 2560-க்கு 1440 அளவில் 36,86,400. இரண்டாவதற்கு முன்னதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கிற்குச் சற்று மிகுந்த உழைப்பு வேண்டும். சிறு பொருளுடையார் முதல் அளவோடு அமைதல் நன்று.

திரையைத் துணிந்தபின் அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டைத் தேர்க. பெரும்பாலான விளையாட்டுகளில் படத்தை வரையும் பெருஞ்சுமை இதனதே. செயலி நொடிக்கு 110 படங்களுக்கு வேண்டிய கணக்கை முடிக்க வல்லது, கார்டு 70 படங்களையே வரைய வல்லது என்று கொள்வோம். செயலியை மிகுத்து 120 ஆக்கினும் திரையிற் காண்பது 70-தான். குளத்தில் நீர் பெருகியிருப்பினும் மடை விடுமளவே வயலுக்குப் பாயும் என்பது நம் உழவர்க்குச் சொல்லவேண்டியதன்று. எவ்வுறுப்பு மடையாக நிற்கின்றது என்று கண்டு அங்கே செலவிடுதலே அறிவுடைமை. கார்டின் நினைவகம் 8 ஜிபிக்குக் குறையாதிருத்தல் நலம்.

செயலிக்கு ஆறு உள்ளகம் இருப்பின் போதும். தாய்ப்பலகையில் ஏ.எம்.டி. வகையில் பி என்னும் எழுத்துடையன துடிப்பு மிகுத்தலுக்கு இடங்கொடுக்கும். ஏ என்னும் எழுத்துடைய மலிவுப் பலகைகள் செயலியை மிகுக்க இடங்கொடா. இன்டெல் வகையில் செயலியை மிகுக்கக் கே செயலியும் இசட் பலகையும் ஒருங்கே வேண்டும், செலவு மிகும். பி560 முதலிய பலகைகளில் நினைவகத்தை மட்டும் மிகுக்கலாம். பலகையை வாங்குமுன், செயலிக்கு மின்சாரம் ஊட்டும் பகுதியின்மேல் வெப்பம் கடத்தும் உலோகத் தகடு உண்டா என்று நோக்குக.

நினைவகத்தை, அஃதாவது ராமை, 16 ஜிபி ஒரே தகடாக வாங்காது 8 ஜிபி தகடுகள் இரண்டாக வாங்குக. இரு வழியில் தரவு செல்லுதலால் வேகம் மிகும். 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியமையால் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறிற்று. ஆதலின் வாங்கும் நாளில் விலையைப் பலவிடத்தும் உசாவுதல் இன்றியமையாதது.

அடுத்து, பலரும் புறக்கணிக்கும் உறுப்பு பவர் சப்ளை. கடைக்காரர் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். கேபினட் வாங்கினால் இலவசமாகத் தரும் எஸ்.எம்.பி.எஸ். மேலே எழுதிய அளவைத் தாங்காது வெடித்தால், ஏனை உறுப்புகளும் அதனோடு அழியக்கூடும். கணக்கு எளிது. முற்கூறிய ரைசன் 5 5600 செயலிக்கு மிகையாக 88 வாட் என்று வைத்துக்கொள்வோம். 2021-இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 கார்டு 132 வாட். ஏனையவற்றிற்கு 50 வாட். கூட்டினால் 270. நொடிப்பொழுதில் ஏறியிறங்கும் மின்சுமைக்கும், துடிப்பு மிகுத்தலுக்கும், பின்னாள் மாற்றத்திற்கும் இடம்விட்டு 500 அல்லது 550 வாட் அளவில் நல்ல நிறுவனத்தின் பொருளை வாங்குக. 80 பிளஸ் என்னும் முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாது பயன்படுகிறது என்பதையே கூறும். காப்பு நன்கமைந்துள்ளது என்பதற்கு அது சான்றன்று. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும் நோக்குக. வீட்டில் மூன்றாம் துளைக்கு மண்ணிணைப்பு உண்டா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுதலும் வேண்டும். இடிமின்னல் மிக்க ஐப்பசியில் பொறியின் மின்னிணைப்பைக் கழற்றி வைத்தல் நன்று.

கேபினட்டின் முன்புறம் கண்ணாடியால் அடைபட்டிராது, வலைக்கண் உடையதாய் இருத்தல் வேண்டும். காற்று முன்னே புகுந்து பின்னே வெளியேற இரண்டு விசிறிகளேனும் வேண்டும். வண்ண விளக்குகள் வேகத்தைக் கூட்டமாட்டா. சேமிப்பிற்கு எஸ்.எஸ்.டி. ஒன்று கொள்க.

திரை நீங்கலாக, கையிலுள்ள ஒரு ரூபாயை ஏறக்குறைய இவ்வாறு பகிரலாம்: கிராபிக்ஸ் கார்டுக்கு 36 காசு, செயலிக்கு 17, தாய்ப்பலகைக்கு 12, நினைவகத்திற்கு 12, எஸ்.எஸ்.டி.க்கு 8, பவர் சப்ளைக்கு 8, கேபினட்டுக்கு 4, கூலருக்கு 3. சந்தை விலைக்கேற்ப இஃது ஓரிரு காசு மாறலாம். ஆயின் கூலருக்கும் விலை மிக்க பலகைக்கும் என்று கார்டின் பங்கிலிருந்து பத்துக் காசு எடுப்போர், நூற்றுக்கு ஐந்து வேகத்தை வாங்க அதனினும் பெரிய பயனை விற்றவராவர்.

வாங்குமிடம்

நாகர்கோயிற் கடைகளில் எல்லா வகையும் கிடைத்தல் அரிது. திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர்த் தொலைவிற்குள் உள்ளது. சென்னை அண்ணாசாலையை அடுத்த ரிச்சி தெருவில் மின்னணு உதிரிகளின் கடைகள் நெருங்கியுள்ளன. ஆயின் அவ்வூர் ஏறக்குறைய 700 கிலோமீட்டருக்கு அப்பால். அங்குச் சில நூறு ரூபாய் குறைவாக வாங்கினும், பழுதுற்றபோது மீண்டும் செல்லும் செலவு அதனை விழுங்கிவிடும். ஆகவே விலையோடு, உத்தரவாதப் பணியை எங்கே செய்து தருவர் என்பதையும் கேட்டறிக. விலைச்சீட்டில் உறுப்பின் வரிசை எண் குறித்திருத்தல் வேண்டும். வரி தவிர்க்கலாம் என்று சீட்டின்றி வாங்குவோர் உத்தரவாதத்தையும் உடன் இழப்பர்.

பழைய கார்டு வாங்குவோர் ஒன்று கருதுக. எதீரியம் என்னும் மின்காசைத் தோண்டுதற்குப் பலர் கார்டுகளை இரவும் பகலும் ஓட்டினர். 2022 செப்டம்பரில் அம்முறை முடிவுற்றபின் அவை பழஞ்சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் பழுது என்பதன்று. ஆயினும் விசிறியும் வெப்பக் களிம்பும் தேய்ந்திருக்கலாம். அரைமணி நேரமேனும் விளையாட்டை ஓட்டிப் பார்த்தல்லது பணம் கொடுத்தல் ஆகாது.

மிகுக்கும் முறை

பொறியைப் பூட்டியதும் ஒரு வாரம் விதித்த வேகத்திலேயே ஓட்டுக. குறையுள்ள உறுப்பு இருப்பின் அதற்குள் பெரும்பாலும் வெளிப்படும்; மாற்றிக்கொள்ளவும் தடையிராது. அதன்பின் நினைவகத்தினின்று தொடங்குக. 3,600 என்று எழுதி விற்கும் ராம், முதலிற் பூட்டும்போது 2,133 அல்லது 2,666 என்னும் வேகத்திலேயே ஓடும். பயாஸ் பக்கத்தில் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்கினால்தான் எழுதிய வேகம் வரும். விலை கொடுத்து வாங்கிய வேகத்தை இவ்வொரு செயல் அறியாமையால் ஆண்டுக்கணக்கில் இழந்திருப்போர் பலர். இயக்கியபின் மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை இரவு முழுதும் ஓட்டுக. பிழை ஒன்று வரினும் வேகத்தைக் குறைத்துவிடுக. பிழையுற்ற நினைவகம் சேமித்த கோப்புகளையும் கெடுக்கும்.

இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு. அதன் துடிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தி, படத்திற் புள்ளி சிதறத் தொடங்கின் ஒரு படி இறக்குக. மூன்றாவது, செயலியின் மின்னழுத்தத்தைக் குறைத்தல். இதனால் வெப்பம் தணியும். வெப்பம் தணியவே, தானாக வேகம் ஏற்றும் இயல்புடைய செயலி நெடுநேரம் உயர்ந்த வேகத்தில் நிற்கும். நம் நாட்டு வெம்மையில் துடிப்பை மிகுப்பதினும் அழுத்தத்தைக் குறைப்பதே பலகால் பயன் மிக்கதாம். இம்மூன்றும் முடிந்தபின், ஆசை எஞ்சியிருந்தால், செயலியின் துடிப்பைச் சிறிது மிகுத்துப் பார்க்கலாம். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக, மாற்றியதை ஏட்டில் எழுதிவைக்க, வெப்பத்தை நோக்குக. பொறி எழ மறுப்பின் அஞ்ச வேண்டா. தாய்ப்பலகையில் உள்ள வட்டக்கல்லைச் சற்று நேரம் கழற்றி மீண்டும் பொருத்தின் பெரும்பாலும் பழைய நிலை வந்துவிடும். அதற்கு முன் மின்னிணைப்பை நீக்கிவிடல் வேண்டும்.

இங்ஙனம் நோக்கின், துடிப்பு மிகுத்தல் முன்போல் பொருளில்லாதாரைப் பொருளுடையாராக்கும் வித்தையன்று. தான் வாங்கிய உறுப்பு எவ்வாறு இயங்குகிறது, எதனால் தளர்கிறது, எங்கே அதன் எல்லை என்று கற்பிக்கும் பயிற்சியாக அது நிற்கிறது. அப்பயிற்சிக்கு நினைவகமும் கார்டுமே போதிய களமாகும். தனிச் செலவு வேண்டா. நண்பர்காள், முதலில் திரையைத் துணியுங்கள். அதற்கேற்ற கார்டை வாங்குங்கள். மின்சாரம் ஊட்டும் உறுப்பிற் சிக்கனம் பிடியாதீர்கள். எஞ்சிய காசிருப்பின் அதனைக் கார்டுக்கே சேர்த்துக் கொடுங்கள். அங்ஙனம் அமைந்த பொறி, வீட்டார் கொடுத்த பொருளுக்கு ஈடாகப் பல்லாண்டு உழைக்கும்.